முதல் பிரிட்டன் பயணம்: ஐந்து ஊர், இருபத்துநான்கு இரவு

சார், நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, வயது 59, உங்கள் மனைவிக்கு 55, அவருக்கு முழங்கால் வலி. மே மாதத்தை ஒட்டி மூன்று நான்கு வாரம் இருவருமாக பிரிட்டன் வர ஆசை. டிராவல்ஸில் கொடுத்த பட்டியலில் 12 நாளில் 10 ஊர் இருக்கிறது, அப்படி ஓட வேண்டாம், நிதானமாகப் பார்க்க வேண்டும், ஆனால் செலவு கைமீறக்கூடாது. இதோடு மூன்று கேள்விகள்: சாப்பாட்டுக்கு என்ன செய்வது, கார் எடுக்கலாமா, முழங்காலை வைத்துக்கொண்டு ரயில் மாறி ரயில் போக முடியுமா.

நான் லீட்ஸில் 14 வருடமாக இருக்கிறேன். என் அப்பா அம்மா, மாமனார் மாமியார், சித்தி குடும்பம் என்று வந்தவர்களுக்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுத்து, பாதிப் பேரோடு கூடவே போயும் வந்திருக்கிறேன். அதிலிருந்து ஒன்று உறுதியாகச் சொல்ல முடியும். இந்த நாட்டில் நிதானமாகப் போவதுதான் சிக்கனமாகவும் போவது, இரண்டும் தனித்தனி இல்லை. இங்கே பணம் கரைவது முக்கியமாக இரண்டு இடத்தில்: ஊர் விட்டு ஊர் போகும் நீண்ட தூர ரயில், அப்புறம் ஒரு ராத்திரிக்கு மட்டும் எடுக்கிற அறை. ஊர் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் இந்த இரண்டும் தானாகக் குறைந்துவிடும். மிச்சமாவதில் ஒரே ஊரில் ஆறு நாள் இருக்கலாம், அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் சுற்றலாம்.

அப்பா அம்மா முதல் தடவை வந்தது 2016இல். நான்தான் திட்டம் போட்டேன், 14 நாளில் 9 ஊர். ஆறாவது நாள் காலையில் தங்கியிருந்த இடத்துக்கு டாக்சி தாமதமாக வந்தது, ஸ்டேஷனில் இரண்டு பெரிய பெட்டியோடு மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. டிக்கெட்டோ அந்த ஒரு வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவு டிக்கெட், தவறியது எங்கள் பக்கம் என்பதால் அது வீண். புதிதாக டிக்கெட் எடுக்க நூறு பவுண்டுக்கு மேல் ஆனது. அம்மா பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, "இன்னைக்கு நாம எந்த ஊருக்குடா போறோம்?" என்று கேட்டார். அவருக்கு ஊர் பெயரே பதியவில்லை, காலையில் எழுந்தால் பெட்டி கட்டுவது, சாயங்காலம் வேறு கட்டிலில் படுப்பது என்றே ஒரு வாரம் போயிருந்தது. இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தபோது மூன்றே ஊர். இன்றைக்கும் அவர் பேசுவதெல்லாம் அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றித்தான்.

உங்களுக்கு நான் சொல்வது இது: லண்டன் 5 இரவு, யார்க் 6, எடின்பரோ 4, ஸ்காட்லாந்து மலைநாட்டில் ஃபோர்ட் வில்லியம் 5, கடைசியாக லேக் டிஸ்ட்ரிக்ட் என்கிற ஏரி மாவட்டத்தின் ஓரத்தில் கெண்டல் 4. மொத்தம் 24. லண்டனில் இறங்கி மான்செஸ்டரில் விமானம் ஏறுங்கள். துபாய், தோஹா வழியாகப் போகும் விமானங்களில் வரும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் வேறு என்று ஒரே டிக்கெட்டில் போட முடியும், விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் இருக்கிறது என்று ரிட்டர்ன் எடுத்தால், வடக்கே போய்விட்டு லண்டனுக்குத் திரும்பி வர ஒரு முழு நாளும் இரண்டு ரயில் டிக்கெட்டும் போய்விடும்.

வேல்ஸ் இல்லை, கார்ன்வால் இல்லை, பாத் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு இல்லை. தெரிந்துதான் விட்டேன். வேல்ஸைச் சேர்த்தால் இரண்டு நாள் ரயிலிலேயே போகும், கார்ன்வால் எதிர்த்திசையில் ஒரு மூலை. எதை விடுவது என்று இப்போதே முடிவு செய்துவிட்டால் அங்கே போனபிறகு மனசு அடித்துக்கொள்ளாது.

தேதி பற்றி. மே நல்ல தேர்வு. ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கத்தில் ஏப்ரல், மே, ஜூன்தான் ஒப்பிட்டால் மழை குறைந்த மாதங்கள். மே நடுவில் எடின்பரோவில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் நாள் கைவிட்டுப் போகாது. ஜூனிலிருந்து மலைநாட்டில் மிட்ஜ் என்று ஒரு பொடி ஈ கூட்டமாக வந்து கடிக்கும், அதற்கு முன்னால் அங்கிருந்து வந்துவிடலாம். ஏப்ரல் கடைசியில் கிளம்புங்கள். மே மாதக் கடைசித் திங்கள் இங்கே பொது விடுமுறை, அந்த வாரம் பள்ளிகளுக்கும் விடுமுறை, ஏரி மாவட்டத்தில் அறை விலை எகிறிவிடும். அதற்கு முன் முடித்துக்கொள்வது நல்லது. ஆகஸ்டில் மட்டும் எடின்பரோ பக்கம் வரவே வேண்டாம், கலைவிழா மாதம், சாதாரண அறைக்கும் இரண்டு மூன்று மடங்கு கேட்பார்கள்.

விசா. சுற்றுலா விசா ஆறு மாதம் வரை தங்கலாம் என்ற வகை, 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டு ஆக்கினார்கள், கட்டும் முன் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். விசா வருமுன் பணம் கட்டி எதையும் உறுதி செய்ய வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள், ஆகவே இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் முதலில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கின் ஆறு மாத ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், எந்த ஊரில் எத்தனை நாள் என்று ஒரு பக்கத் திட்டம், இதெல்லாம் ஒன்றோடொன்று முரண்படாமல் இருந்தால் போதும். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் யாரோ கணக்கில் பெரிய தொகை போட்டு நிரப்புவதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். (இதைப் படிக்கும் சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரியிலிருந்து மின்னணுப் பயண அனுமதி ஒன்று வாங்க வேண்டும்.)

விசா கைக்கு வந்ததும் அடுத்த வேலை ரயில் டிக்கெட். அட்வான்ஸ் டிக்கெட் என்ற மலிவு வகை சுமார் 8 முதல் 12 வாரம் முன்னால் விற்பனைக்கு வரும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். அன்றைக்கு ஸ்டேஷனில் போய் வாங்கினால் அதே இருக்கைக்கு மூன்று மடங்கு கொடுக்க நேரிடலாம். நான் முன்னே சொன்ன மாதிரி அட்வான்ஸ் டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான். ஆனால் ஒரே டிக்கெட்டில் மாறிப் போகும்போது முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால் அது உங்கள் தவறு இல்லை, அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம், தாமதத்துக்கு நஷ்ட ஈடும் கேட்டு வாங்கலாம். நிறையப் பேர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள்.

அதோடு டூ டுகெதர் ரயில்கார்டு ஒன்று எடுத்துவிடுங்கள். இருவர் பெயரும் படமும் போட்ட ஒரே அட்டை, 2025 மார்ச்சிலிருந்து 35 பவுண்டு, இருவரும் சேர்ந்து போகும் ரயில் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பதரைக்கு முன் கிளம்பும் வண்டிக்கு மட்டும் செல்லாது. எப்படியும் உங்கள் மனைவி காபி குடித்து முடிக்காமல் கிளம்பப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் அது ஒரு பொருட்டில்லை. மொத்த டிக்கெட் செலவு 105 பவுண்டைத் தாண்டினாலே அட்டைக்குக் கொடுத்த பணம் திரும்பிவிடும், உங்கள் விஷயத்தில் அதைத் தாண்டும்.

இனி பஸ். இதைப் பற்றி எந்த டிராவல்ஸ்காரரும் சொல்வதில்லை. இங்கிலாந்தில் உள்ளூர் பஸ்ஸில் ஒரு பக்கப் பயணத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், 2023 ஜனவரியில் 2 பவுண்டாகத் தொடங்கி 2025 ஜனவரியில் 3 பவுண்டு ஆனது, அநேகமாக எல்லா பஸ் கம்பெனியும் இதில் சேர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் போனாலும் சரி, இரண்டரை மணி நேரம் மலை தாண்டிப் போனாலும் சரி, 3 பவுண்டுக்கு மேல் வாங்கமாட்டார்கள். பெயர் உள்ளூர் பஸ் என்றாலும் அதில் சில, நம் ஊர் கணக்கில் மதுரையிலிருந்து கொடைக்கானல் போகிற தூரம் போகும்.

யார்க்கில் உங்களை ஆறு நாள் இருக்கச் சொன்னதே இதற்காகத்தான். 840 என்ற எண், கோஸ்ட்லைனர் என்று பெயர், லீட்ஸில் கிளம்பி யார்க் வழியாக விட்பி என்ற கடற்கரை ஊருக்குப் போகும் மாடி பஸ். 2018இல் பிரிட்டனின் மிக அழகான பஸ் தடம் என்று இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மாவின் இரண்டாவது பயணத்தில் மாடியில் முன் கண்ணாடி ஓரம் இடம் பிடித்தோம். முதல் ஒரு மணி நேரம் வயலும் சந்தை ஊர்களும்தான். பிக்கரிங் தாண்டியதும் வண்டி ஏற ஆரம்பிக்கும், மரமெல்லாம் பின்னால் போய்விடும், இரண்டு பக்கமும் பழுப்பு நிறப் புதர்க்காடு, நடுவில் கறுப்பு முக ஆடுகள் குட்டிகளோடு ரோட்டோரம் படுத்திருக்கும், டிரைவர் ஆரன் அடிக்காமல் நின்று காத்திருந்து போவார். திடீரென்று இடப்பக்கம் நிலம் அப்படியே உள்வாங்கி ஒரு பெரிய அண்டா மாதிரி பள்ளம் வரும், ஹோல் ஆஃப் ஹார்கம் என்பார்கள், நீரூற்று அரித்து அரித்து உண்டானது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொடைக்கானல் ஏறுற மாதிரியே இருக்குடா, மரத்த மட்டும் யாரோ எடுத்துட்டாங்க" என்றார். அதற்கப்புறம் ஒரு மேட்டைத் தாண்டியதும் தூரத்தில் கடல், கடலுக்கு மேலே குன்றில் இடிந்த மடாலயம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இந்தப் பயணத்துக்குத்தான் தலைக்கு 3 பவுண்டு.

விட்பியில் மடாலயத்துக்குப் போகும் 199 படிகளை உங்கள் மனைவி ஏற வேண்டாம், கீழே துறைமுகச் சுவரில் நடந்தாலே மடாலயம் முழுதாகத் தெரியும். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு பொட்டலம் இருவருக்குப் போதும், கடல்காகம் கையிலிருந்தே பிடுங்கும், சுவரோரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். விட்பி வரை போகும் வண்டிகள் நாளுக்குச் சிலதான். இறங்கியவுடன் திரும்பும் கடைசி பஸ் நேரத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யார்க் நகரத்திலேயே மூன்று நாள் தேறும். பழைய கோட்டைச் சுவர் மேல் நடக்கக் காசு இல்லை, மூன்றரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, முழுதும் சுற்ற வேண்டியதில்லை, ஸ்டேஷன் பக்கம் ஏறினால் பேராலயம் நேர் எதிரே தெரியும். ஏறும் படி குறுகல், நிதானமாக ஏறச் சொல்லுங்கள். தேசிய ரயில்வே அருங்காட்சியகமும் இலவசம், தரைமட்டம், முழங்காலுக்குத் தொந்தரவில்லை. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடிய மல்லார்ட் நீராவி எஞ்சின் அங்கேதான் நிற்கிறது, அந்த வேகத்தை இன்றுவரை வேறெந்த நீராவி வண்டியும் தாண்டவில்லை. ஒரு நாள் டரம் என்ற ஊருக்குப் போய் வாருங்கள், ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். 1093இல் கட்டத் தொடங்கிய பேராலயம், உள்ளே போகக் கட்டணம் கிடையாது, விருப்பப்பட்டதை உண்டியலில் போடலாம்.

பேராலயங்களைப் பற்றி ஒன்று. யார்க் பேராலயம், லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயம், செயின்ட் பால்ஸ் எல்லாவற்றுக்கும் சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, அதுவும் கொஞ்சமில்லை. ஆனால் மாலை வழிபாட்டுக்கு வருபவர்களிடம் காசு வாங்குவதில்லை. பெரும்பாலான நாட்களில் மாலை ஐந்து, ஐந்தரை வாக்கில் பாடகர் குழு பாடும் அந்த வழிபாட்டில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், எந்த மதம் என்று யாரும் கேட்கமாட்டார்கள். படம் எடுக்கக்கூடாது, இடையில் எழுந்து நடக்கக்கூடாது, அவ்வளவுதான். முக்கால் மணி நேரம் அந்தக் கல்கூரையின் கீழ் உட்கார்ந்து பாட்டு கேட்பதற்கு ஈடாக ஆடியோ கைடை காதில் மாட்டிக்கொண்டு சுற்றுவதை நான் சொல்லமாட்டேன்.

லண்டனுக்கு வருகிறேன். நடு லண்டனில் அறை தேடாதீர்கள். ஈஸ்ட் ஹாமில் பாருங்கள். நம் ஆட்கள், குறிப்பாக ஈழத்தமிழர்கள், நிறைய வாழும் பகுதி. ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் இட்லி, தோசை, முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் கண்ணில் படும், பக்கத்தில் முருகன் கோயில் இருக்கிறது. நீண்ட விமானப் பயணம் முடிந்து வந்த முதல் இரண்டு நாள் வயிற்றுக்கு அது பெரிய ஆறுதல். அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் மாறாமல் டவர் ஹில், வெஸ்ட்மின்ஸ்டர், சவுத் கென்சிங்டன் என்று நீங்கள் போக வேண்டிய இடங்களுக்கே போகிறது. ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிக் கட்டணம் கட்ட ஆளுக்கு ஒரு வங்கி கார்டு (கான்டாக்ட்லெஸ்) வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கார்டை இருவரும் தட்ட முடியாது. பஸ்ஸில் நோட்டு, சில்லறை வாங்கவே மாட்டார்கள். 2025 கட்டணப்படி 1.75 பவுண்டுக்கு ஒருமுறை தட்டினால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதுவே போதும், நாள் முழுக்க பஸ்ஸிலேயே சுற்றினாலும் 5.25க்கு மேல் வெட்டாது. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கே 15ஆம் எண், செயின்ட் பால்ஸ் தாண்டி லண்டன் டவர் கோட்டை வரை போகும். மேற்கே 9ஆம் எண், ஹைட் பார்க் ஓரமாக கென்சிங்டன் போகும். சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசை மிச்சம் பிடியுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் எல்லாம் இலவசம். பிரிட்டிஷ் மியூசியத்தில் எல்லோரும் எகிப்து மம்மியைப் பார்க்கப் போவார்கள், நீங்கள் 33ஏ என்ற அறைக்குப் போங்கள். கண்ணாடிக்குப் பின்னால் அமராவதி பௌத்த ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1840களில் வால்டர் எலியட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பியவை, அங்கிருந்து 1859இல் ஒரு பங்கு லண்டனுக்குக் கப்பலேறியது. இன்னொரு பங்கு எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. கிளம்பும் முன் எழும்பூரில் அதைப் பார்த்துவிட்டு வந்தால் இங்கே பார்க்கும்போது மனசு என்னவோ செய்யும்.

எடின்பரோ விலை கூடிய ஊர், அதனால் நாலு இரவோடு நிறுத்தினேன். 2026 ஜூலை 24 முதல் அங்கே அறை வாடகையில் 5 சதவீதம் தங்கல் வரி வேறு, முதல் ஐந்து இரவுக்கு. ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம் இலவசம், அதன் மொட்டைமாடியிலிருந்து கோட்டை அழகாகத் தெரியும். லீத் ஆற்றோரப் பாதையில் டீன் கிராமம் வரை நடங்கள். போதும்.

எடின்பரோவிலிருந்து ஃபோர்ட் வில்லியம் போக கிளாஸ்கோவில் ரயில் மாற வேண்டும், அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. நாளுக்குச் சில வண்டிகளே, ஆகவே இந்த டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு மற்றதைப் பிறகு திட்டமிடுங்கள். ஏரி, மலை, அப்புறம் மனித வாசமே இல்லாத ரானக் சதுப்பு வெளி, ஜன்னலை விட்டுக் கண் எடுக்க முடியாது. ஃபோர்ட் வில்லியத்திலிருந்து மாலெய்க் துறைமுகத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள். கிளென்ஃபினனில் 21 வளைவுள்ள பாலம் வழியில் வரும். அதன்மேல் போகும் நீராவி ரயிலுக்கு டிக்கெட் விலை அதிகம், சீக்கிரம் தீர்ந்தும்விடும். சாதாரண ஸ்காட்ரெயில் வண்டியும் அதே தண்டவாளத்தில் அதே பாலத்தின் மேல்தான் போகிறது, விலை மிகக் குறைவு. மாலெய்க் போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். மாலெய்க்கிலிருந்து ஸ்கை தீவுக்குக் கப்பலில் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பலாம், கார் இல்லாமல் போனால் கட்டணம் கொஞ்சம்தான்.

பென் நெவிஸ் 1,345 மீட்டர், அதை ஏறுவதைப் பற்றி நினைக்க வேண்டாம். ஒரு ஸ்டேஷன் தள்ளி பனவியில் கால்வாய்க் கரையில் எட்டு மதகுகள் படிபோல அடுக்கி இருக்கும், படகு ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம், கரைப் பாதை சமதளம், பின்னால் அந்த மலை முழுதாகத் தெரியும். ஒரு நாள் மழை கொட்டும், கட்டாயம் கொட்டும், அன்றைக்கு அறையில் இருந்துவிடுங்கள். ஐந்து இரவு போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

கெண்டலில் 555 பஸ். விண்டர்மியர், ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெசிக் என்று ஏரி மாவட்டத்தின் நடுவாகவே ஓடும், இங்கேயும் 3 பவுண்டுதான். ஏரிக்கரை விடுதிகளில் தங்குவதைவிட கெண்டலில் அறை மலிவு, கடைகளும் உண்டு. கடைசி நாள் பக்கத்து ஆக்ஸன்ஹோம் ஸ்டேஷனிலிருந்து மான்செஸ்டர் ஏர்போர்ட்டுக்கு நேர் ரயில் கிடைக்கும்.

சாப்பாடு. யூத் ஹாஸ்டல் என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வயது வரம்பு இல்லை, தனி அறையும் உண்டு, எல்லோருக்கும் பொதுவான சமையலறை இருக்கும். ஐந்து ஊரில் மூன்றிலாவது சமையலறையோடு இடம் பிடித்தால் உங்கள் உணவுச் செலவு பாதியாகிவிடும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் கொண்டு வாருங்கள். நெய், பால்கோவா, இறைச்சி என்று பால், மாமிசம் கலந்த எதையும் கொண்டு வரக்கூடாது, விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்கள். அரிசி, காய்கறி, தயிர் ஆல்டி, லிடில் போன்ற கடைகளில் மலிவு. பெரிய கடைகளில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அன்றைக்குத் தேதி முடியும் பொருள்களுக்கு மஞ்சள் சீட்டு ஒட்டி விலையைக் குறைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஆறு மணி நேரம் மட்டுமே திறக்கும், சனியே வாங்கிவிடுங்கள். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டில் வாங்க வேண்டாம். குளியலறையில் நம் வசதிக்கு எதுவும் இருக்காது, ஒரு சின்ன பிளாஸ்டிக் மக் பெட்டியில் போடுங்கள்.

கணக்குப் பார்க்கலாம். ஒரு இரவுக்கு லண்டனில் 85, யார்க்கிலும் கெண்டலிலும் 75, எடின்பரோவில் 110, ஃபோர்ட் வில்லியத்தில் 95 என்று முன்கூட்டியே பிடித்தால் அறைக்கு 2,090 பவுண்டு. சாப்பாடு இருவருக்கு நாளுக்கு 30 வைத்து 720. ரயில், பஸ், கப்பல் எல்லாம் 600. நுழைவுக் கட்டணம், சிம், சில்லறைச் செலவு 250. மொத்தம் 3,660 பவுண்டு, பவுண்டுக்கு 120 ரூபாய் என்று வைத்தால் நாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள். விமானம், விசா, பயணக் காப்பீடு தனி. காப்பீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள், சுற்றுலாப் பயணிக்கு மருத்துவமனையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியம் இங்கே இலவசம் இல்லை, முழங்கால் விஷயத்தையும் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

கார் வேண்டாம் என்றே சொல்வேன். நம் லைசென்ஸ் இங்கே செல்லும், இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், அதெல்லாம் சரி. ஆனால் லண்டன், யார்க், எடின்பரோ மூன்றிலும் நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடும், நிறுத்தும் கட்டணமும் கூடுதல். மலைநாட்டில் ஒற்றைத் தடச் சாலைகள், எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் எடுக்க வேண்டும். ஓட்டுபவர் சாலையைத்தான் பார்ப்பார், மலையைப் பார்க்கமாட்டார்.

முழங்கால். கடைசி நாள் ஏர்போர்ட் பயணத்தை விட்டால், ஊர் விட்டு ஊர் ரயிலில் மாறுவது இந்தத் திட்டத்தில் நாலே நாள்தான், அந்த நாலிலும் பாசஞ்சர் அசிஸ்ட் என்ற உதவியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இலவசம். போனிலோ செயலியிலோ எந்த வண்டி, எந்தக் கோச் என்று சொல்லிவிட்டால் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர் வந்து லிஃப்ட் வழியாகக் கூட்டிப்போய், பெட்டியைத் தூக்கி வைத்து, இருக்கையில் உட்கார வைத்துவிட்டுப் போவார், மாறும் ஸ்டேஷனிலும் இறங்கும் ஸ்டேஷனிலும் வேறொருவர் வந்து நிற்பார். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பதியலாம், முந்தைய நாளே பதிந்தால் இன்னும் நல்லது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நம் ஆட்கள் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். முழங்கால் வலி, படி ஏற முடியாது என்றாலே போதும், அம்மாவுக்கு இரண்டாவது பயணத்தில் அப்படித்தான் செய்தோம். ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, தானே தூக்கக்கூடிய எடை, அதற்கு மேல் வேண்டாம். அறை பிடிக்கும்போது தரைத்தளமா, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள், பழைய வீடுகளில் மூன்றாவது மாடிக்குக் குறுகிய மரப்படிதான் இருக்கும்.